தந்தை பெயர்: தெரியாது

நாய் எச்சில் எடுப்பதற்காக இலங்கைக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம தெருவுல இல்லாத எச்சிலா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் கேட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

நான் நாமக்கல்காரி. ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, அதில் ஒட்டிவருவதைக் கொண்டு அந்த நாயின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. உலகத்து நாய்கள் எல்லாமே பழங்கால ஓநாய்களின் வழியில் வந்தவை. நரியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு காலத்தில் பெரிய படிப்பாளிகளே நினைத்தார்கள். அது தவறு என்று ஆகிவிட்டது. இலங்கையில் நரி உண்டு, ஓநாய் கிடையாது. ஆகவே அங்கே வாலாட்டும் ஒவ்வொரு நாயும் எப்போதோ யாரோ ஒரு மனிதரின் பின்னால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நாய் வந்த வழியைத் தேடினால் ஆள் வந்த வழியும் கொஞ்சம் தெரியவரும். இதையெல்லாம் கணவரிடம் விளக்கினேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

கண்டியில் போய் இறங்கியபோது நல்ல மழை. குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக்கடையில் ஒதுங்கினேன். தேநீர்தான் கேட்டேன். பையன் ஒருவன் தட்டு நிறைய ரோல்ஸும் கட்லட்டும் மீன் வைத்த பணிஸும் வடையும் அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இலையில் வைத்ததை மிச்சம் விடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஏழாவதை விழுங்கும்போது அடுத்த மேசைக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். வேண்டியதில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விடுவதுதான் இங்கே வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

பேராதனையில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளும் கால்நடை மருத்துவர்தான். கூடவே வந்திருப்பாள், பரீட்சை நேரமாகப் போய்விட்டது. அனுமதிக் கடிதங்களையும் போக வேண்டிய இடங்களின் பட்டியலையும் கையில் கொடுத்து, ஃபரீத் என்கிற ஆட்டோக்காரரையும் பிடித்துக் கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும், அக்குறணைக்காரர். குட்ஷெட்டில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். நானா என்றால் அண்ணன். நானும் நானா என்றே கூப்பிட்டேன். அவர் எனக்கு வைத்த பெயர் டொக்டர்.

மறுநாள் முழுக்க டவுன் நாய்கள். என் மருத்துவப் பெட்டியைத் தன் காலடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு நானா ஓட்டினார். எந்த முக்கில் எந்த நாய் எத்தனை மணிக்குப் படுத்திருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மார்க்கெட் வாசலில் கறுப்பு, ஆஸ்பத்திரி ரோட்டில் ஒற்றைக் காது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மூன்று பேர். கண்டி நாய்கள் நடுரோட்டில் படுத்துத் தூங்குகின்றன. பஸ்காரர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஊர் நாய் மனிதக் கை குனிந்தாலே கல் எடுக்கத்தான் என்று நினைத்து ஓடும். இங்கே நான் குனிந்தபோது ஒன்று மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. ஒரு மாரி பிஸ்கட் கொடுத்தால் வாயைத் திறந்துவிடும். நான் கன்னத்தைத் தேய்த்து முடிக்கும் வரை பல் டாக்டரிடம் வந்த அதிகாரி மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்.

மத்தியானம் நானா ஆட்டோவை ஓரங்கட்டினார். பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், மதிலோரம் கிடந்த ஒரு சிரட்டையில், இரண்டு முழம் உயரத்தில் இருந்தபடி குறி தவறாமல் ஊற்றினார். ஒற்றைக் காது வந்து குடித்தது. அவர் எட்டியே நின்றார். தாகத்தில் இருக்கிற நாய்க்குத் தண்ணீர் கொடுப்பது பெரிய நன்மை, ஆனால் அதன் எச்சில் மேலே படக் கூடாது என்று சொன்னார். அப்படியே, காலையிலிருந்து என்னதான் எடுத்தீர்கள் டொக்டர், இரத்தமா, மருந்து கொடுத்தீர்களா என்றும் கேட்டார். எச்சில் என்று சொன்னேன்.

அவர் தன் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். காலை மெல்ல ஒதுக்கிக்கொண்டார்.

"மூடியெல்லாம் இறுக்கமா ஈக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று ஒவ்வொரு குழாயாக எடுத்துக் காட்டினேன். இருந்தாலும் மறுநாளிலிருந்து ஒப்பந்தம் மாறியது. பெட்டி இரண்டு பாலிதீன் பைக்குள் போய்ப் பின்பக்கச் சாமான் பலகையில் கயிற்றால் கட்டப்பட்டது. நாய் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். நானா ஒரு பழைய பால்மா டின்னில் சுத்தமான மண்ணே கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு நாய்க்குப் பிறகும் நான் ரோட்டோரம் உட்கார்ந்து கை கழுவுவேன், அவர் எண்ணுவார். என் ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள், சனிக்கிழமை, தோட்டம். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் பட்டியலில் இருந்தது. பேராதனை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஆட்டோவின் கிளச் வயர் அறுந்தது. நானா இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், பின்னால் வந்த கலஹா பஸ்ஸை மறித்து, நான் யார், என்ன வேலை என்று கண்டக்டரிடம் உரக்கச் சொல்லி, என்னையும் பெட்டியையும் ஏற்றிவிட்டார். பஸ் வளைவுகளில் போன வேகத்துக்கு நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். இடைக்கிடை திரும்பி என்னைப் பார்த்ததால் கண்டக்டரிடம் கேட்டேன். அவர் டிக்கெட் கிழித்தபடியே மொழிபெயர்த்தார். ஒருத்தி, இந்த அம்மா இந்தியாவிலிருந்து வந்த நாய் டாக்டராம், நம்ம நாய்களுக்கு என்ன வியாதி என்கிறாள். மற்றவள், வியாதி ஒன்றும் இல்லை, அவர்களுக்குத்தான் வேலை இல்லை என்கிறாள்.

தோட்டத்துத் தலைவர் ரோட்டுக்கே வந்து காத்திருந்தார். தொழிலாளர்களுக்காகப் பேசுபவர், அவர்களில் ஒருவர். வாங்க வாங்க என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். எட்டாம் நம்பர் லயம் மலைச்சரிவில் நீளமாகக் கிடந்தது. ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு வீடு. அரைநாள் வேலை முடிந்து கொழுந்தெடுக்கிற பெண்கள் திரும்பியிருந்தார்கள். நாய்களை அவரவர் சேலைத் தலைப்பாலும் பழைய கயிற்றாலும் கட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். ஜிம்மி, டைகர், மணி, இன்னொரு ஜிம்மி. பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது. நடுவில் நாற்காலிக்குக் கதிரை, பீரோவுக்கு அலுமாரி என்று வந்தால்தான் நான் கடல் தாண்டியிருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

இங்கேதான் நான் என் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். என் கையில் இருந்தது கல்லூரி அச்சடித்துக் கொடுத்த படிவம். மாட்டுக்கும் சாதி நாய்க்கும் தயாரித்ததைத் தெருநாய்க்கும் அப்படியே போட்டிருந்தார்கள். பெயர், பால், வயது, நிறம், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த இடம், வளர்ப்பவர். பல வருடமாக நான் அதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன், ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை. தந்தை பெயர் என்று கேட்டதும் முதல் ஏழு நாய்க்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தெரியாது என்று எழுதினேன்.

எட்டாவது நாய் ரோஸி. செம்பட்டை நிறம், கூர்காது, அடர்ந்த வால், வால் நுனியில் கறுப்பு. வளர்ப்பவர் ராசம்மா, ஐம்பத்தைந்து வயது, கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், தனியாள். தந்தை பெயர் கேட்டேன். தெரியாதுங்க என்றார். தாய் பெயர் கேட்டதும் ராசம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ அம்மா ராணி. ராணிக்கு அம்மா லெச்சுமி, எங்க அக்காவக் கட்டிக் குடுத்த தெல்தோட்டைப் பக்கத்துலருந்து கூடையில வச்சு பஸ்ஸுல கொண்டாந்தோம். லெச்சுமிக்கு அம்மா சின்னவெள்ளச்சி, அவளுக்கு அம்மா பெரியவெள்ளச்சி. பெரியவெள்ளச்சி எங்கம்மா கல்யாணங்கட்டி வந்தப்ப கூட வந்த நாயோட வழி."

நான் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். இங்கே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற வீடுகளுக்குள்தான் பெட்டைக்குட்டியும் போய் வந்திருக்கிறது. பெண் எந்தத் தோட்டத்துக்குப் போனாளோ குட்டியும் அங்கே. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் ஒரு கூறு உண்டு, நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். ஐந்து தலைமுறைத் தாய்வழியை ஒரு நாய்க்கு வாயால் சொல்லக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கம் எழுதினேன். மனதுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் கடைசி வீட்டு முனியாண்டி முன்னால் வந்ததை நான் கவனிக்கவில்லை.

"அம்மாவெல்லாம் சரி. அப்பன் பேருதான் தெரியாதுங்குறாங்க. எனக்குத் தெரியும். நரிதான் அதுக்கு அப்பன்," என்றார். "அந்த நெறத்தப் பாருங்க, வாலப் பாருங்க. பொழுது சாஞ்சு நரி ஊளையிட்டா இதும் பதில் ஊளையிடுது. ஒரு மாசத்துல நாலு கோழி போச்சு எனக்கு. டாக்டரம்மாவே சந்தேகப்பட்டு அப்பன் யாருன்னு கேக்குறாங்களே, போதாதா?"

நான் எல்லா நாய்க்கும்தான் கேட்டேன், படிவத்தில் இருக்கிறது, கேட்டாக வேண்டும் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. பேச்சு அதற்குள் லயத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. நரிக்கொம்பு இருக்கிறதா பார் என்று ஒருவர் ரோஸியின் மண்டையைத் தடவினார். நரியின் தலையில் சின்னக் கொம்பு முளைக்கும், அதை வைத்திருப்பவனுக்கு வழக்கெல்லாம் ஜெயிக்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. கொம்பு கிடைக்காததில் அவருக்கு ஏமாற்றம். முனியாண்டி வெகுநாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவராம். இப்போது கையில் ஒரு டாக்டர் கிடைத்துவிட்டார். திங்கட்கிழமை தேயிலைத் தூள் லொறி கொழும்புக்குப் போகிறது, அதில் ஏற்றி எங்கேயாவது தூரமாக இறக்கிவிடலாம் என்றார்கள். ஞாயிறு காலை கோயிலில் பேசி முடிவெடுப்போம் என்று தலைவர் சொன்னார்.

ராசம்மா உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ரோஸி எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்புருவத்தை உயர்த்திப் பார்க்கிற அந்தப் பார்வைக்கென்று நாய்க்கு ஒரு தசை இருக்கிறது, ஓநாய்க்கு அது அவ்வளவாகக் கிடையாது. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து வந்தது என்று சொல்கிறார்கள். அந்தப் பார்வையை அவள் முனியாண்டியின் மீதும் வீசினாள், வாலையும் ஆட்டினாள். அவர் திரும்பிக்கொண்டார்.

வயரை மாற்றிக்கொண்டு நானா வந்து சேர்ந்தபோது நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் நடந்ததைச் சொன்னேன். நான் கேட்காவிட்டாலும் அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"கேட்டீப்பாங்க," என்றார் நானா. "ஆனா டொக்டர் கேட்டா அது வேற கேள்வி. நாளைக்கி காலைல போவம்."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மாத்தளைக்குப் போகும் வேலை இருந்தது. மாத்தளை நாய்கள் தப்பித்தன. விடிந்ததும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினோம். முதலில் முனியாண்டியின் கோழிக்கூட்டைப் பார்த்தேன். கோழி விஷயத்தில் நாமக்கல்காரியிடம் யாரும் கதைவிட முடியாது. கூடு என்று சொன்னது நாலு பலகையும் ஒரு சாக்குப் படுதாவும்தான். பின்பக்கம் மண்ணோடு மண்ணாக ஒரு ஓட்டை, கீரி தாராளமாக நுழையும், ரோஸியின் தலைகூடப் போகாது. இதை முனியாண்டியிடம் காட்டினேன். சாக்குப் பக்கமாக நுழைந்திருக்கும் என்றார். 

கோயில் தகரக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். ராசம்மா ரோஸியோடு ஓரமாக நின்றார். நானாவும் கொட்டகைக்கு வெளியே ஆட்டோவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் நேராக என்னிடம் கேட்டார். இது நாயா, நரிக் கலப்பா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நாய்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் மனதும் அப்படித்தான் சொன்னது. நாயும் நரியும் கூடுவது எங்கேயோ எப்போதோ நடப்பது. செம்பட்டை நிறமும் கூர்காதும் உலகம் முழுக்க இருக்கிற ஊர்நாய்க்குப் பொது. ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதானால் நான் குச்சியும் குழாயும் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். நாயாக இருக்கத்தான் எல்லா வாய்ப்பும் இருக்கிறது, ஆனால் சோதனை முடிய ஆறு மாதமாவது ஆகும், அதற்கு முன் அடித்துச் சொல்ல முடியாது என்றேன். சொல்லும்போதே ராசம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடித்துச் சொல்ல முடியவில்லை பாருங்கள் என்றார் முனியாண்டி. அத்தாட்சி இல்லாததை லயத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் ராசம்மா பேசினார். சத்தம் கூடப் போடவில்லை.

"எங்கப்பா இந்த எட்டாம் நம்பர் லயத்துல பொறந்தவரு. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டப்ப, ஒங்கப்பா எங்க பொறந்தாரு, அத்தாட்சி எங்கன்னு கேட்டாங்க. அவரும் இங்கதான். ஆனா கடுதாசி இல்ல. அப்பனுக்குக் கடுதாசி இல்லன்னுதான எங்க அண்ணனக் கோச்சி ஏத்தி அனுப்புனாங்க. முனியாண்டியண்ணே, ஒங்க அக்காவும் அதே கோச்சியிலதான போனாங்க. இப்ப இந்த வாயில்லாததுகிட்ட, அப்பன் எங்க, அத்தாட்சி எங்கன்னு நாமளே கேக்குறோம்."

 எனக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டம், தகப்பனும் பாட்டனும் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் கடுதாசி எழுதி வைத்தார்கள்? பெரும்பாலானோர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பங்கு பிரித்து, ஏராளமான பேரை ரயிலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பின. மீதிப்பேர் குடியுரிமைக்குப் பல பத்து வருடம் காத்திருந்தார்கள். கோத்தகிரிப் பக்கம் அப்படி வந்தவர்களின் குடியிருப்பை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அவர்களைச் சிலோன்காரர்கள் என்போம். அவர்கள் இங்கே இந்தியாக்காரர்கள் என்பதற்காக அனுப்பப்பட்டவர்கள் என்பது அந்தக் கொட்டகையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. படிவத்தைப் பையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

முனியாண்டி ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை நினைத்தாரா, கோழியை நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

"கூட்டுக்கு ஒரு கதவு போட்டுட்டாப் போவுது," என்றார் கடைசியில்.

தலைவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்தபடியாகத் தண்ணீர்க் குழாய் விஷயத்தை எடுத்தார். கூட்டம் அந்தப் பக்கம் சூடாகிவிட்டது.

பகல் சாப்பாடு ராசம்மா வீட்டில். தட்டையான கோதுமை ரொட்டியும், கொச்சிக்காயும் வெங்காயமும் வைத்து இடித்த கட்டசம்பலும். உறைப்பில் எனக்கு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். ரோஸிக்கும் ஒரு ரொட்டி கிடைத்தது. மாவுச்சத்தைச் செரிக்கிற திறன் ஓநாயைவிட நாய்க்கு நன்றாக இருப்பது மனிதரின் மிச்சத்தைத் தின்று பழகியதால்தான் என்று ராசம்மாவிடம் சொன்னேன். மிச்சமா, இவளுக்குத்தான் முதல் ரொட்டி என்றார்.

கிளம்புவதற்கு முன் படிவத்தை எடுத்து, தந்தை பெயர் என்ற வரியையே அடித்துவிடுகிறேன் என்றேன். ராசம்மா தடுத்தார்.

"அடிச்சா சந்தேகப்படுவாங்க. தெரியாதுன்னே இருக்கட்டும், அதான உண்மை. பொறந்த எடத்த மட்டும் தெளிவா எழுதுங்க. எழுதிட்டு எனக்கு ஒரு கொப்பி குடுத்துட்டுப் போங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"எப்ப யாரு வந்து கேப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்களே."

பிறந்த இடம் என்று எழுதி, எட்டாம் நம்பர் லயம் என்றும் எழுதிவிட்டு, லயத்தில் எந்த இடம் என்று கேட்டேன். ராசம்மா யோசித்தார். ராணி குட்டி போட்ட வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். பக்கத்தில் கதவுக்குப் பலகை அளந்துகொண்டிருந்த முனியாண்டி, நிமிராமலே, தன் வீட்டு விறகுக் கட்டைக்கு அடியில்தான் பிறந்தது, அடைமழை, சாக்குப் போட்டு மூடியதே தான்தான் என்றார். அப்படியே எழுதினேன். பிறந்ததைப் பார்த்தவர் என்று படிவத்தில் ஒரு வரி இல்லை. நான் கீழே கோடு போட்டேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, நிதானமாக, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அக்குறணை. கடைத்தெருவில் நானாவின் மச்சானுக்கு ஒரு கொப்பிக் கடை இருந்தது. படிவத்தை இரண்டு பக்கமும் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடுபோட்டுக் கொடுக்கச் சொன்னோம். மெஷினுக்குள் போகுமுன் நானா கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

"எச்சி படல்லயே?"

படவில்லை என்றேன். வாங்கி, இரண்டு பக்கமும் படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்றும் சொன்னார். மச்சான் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்தது, வாயில் வைத்தால் கரைகிறது. நான் தட்டைக் காலிசெய்தேன். இது மிச்சம் விடக் கூடாத தட்டு என்று நானாவே சொன்னார். அன்று பின்னேரமே நான் புறப்பட வேண்டியிருந்ததால் கடுதாசியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். பெட்டியைக் கடைசியாகப் பின்பலகையிலிருந்து அவிழ்த்து, என் கையை ஏழு தடவை எண்ணிக் கழுவவைத்துத்தான் வழியனுப்பினார்.

ஆறு மாதம் என்று சொன்னது எட்டு மாதம் ஆயிற்று. ரோஸியிடம் நரியின் சுவடே இல்லை. அப்பன் யாரென்று இன்றும் தெரியாது, ஆனால் அவனும் நாய்தான். தாய்வழிக் கூறு எங்கள் பக்கத்துத் தெருநாய்கள் பலவற்றில் இருப்பது. எந்த ஊரிலிருந்து, யாருடைய பின்னால் வந்தது என்று நூல் பிடித்துச் சொல்ல எங்களால் முடியாது. ராசம்மாவிடம் போன் இல்லை. நானாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிறு மலை ஏறிச் சொல்லிவிட்டு, ஆட்டோவிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். ராசம்மாவுக்குச் சந்தோஷமா என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்டு செல்லிச்சி," என்றார். "பொறகு, வாயால செல்றது சரிவராதாம். எழுதி அனுப்பட்டாம். ரெண்டு கொப்பி. ஒண்ட முனியாண்டிட ஊட்டுல வெக்கோணுமாம்."

எதற்கும் இருக்கட்டும் என்று நான் மூன்றாக எடுத்து, மூன்றிலும் கல்லூரி முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.